சக் ஈ. சீஸ் இரண்டு முறை திவாலானது எதனால்?

3 ஆகஸ்ட் 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "சக் ஈ. சீஸ் இப்போது மால்களில் பெரியவர்களுக்கென்று சக்ஸ் ஆர்கேட் தொடங்கியிருக்கிறதே, பார்த்தீர்களா? பிள்ளைகள் எல்லாம் போனுக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் பழைய ஆட்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். 2020-இல் இந்தக் கம்பெனியைத் திவாலாக்கியதும் மொபைல் கேம்தான். சரிதானே?"

சரியில்லை. சக் ஈ. சீஸ் என்பது பீட்சா சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகள் ஆர்கேட் மெஷின்களில், அதாவது காசு போட்டு ஆடும் மெஷின்களில், விளையாடும் அமெரிக்கக் குடும்பக் கடைச் சங்கிலி. இந்தக் கம்பெனி முதல்முறை திவாலானது 1984 மார்ச்சில். அப்போது எந்தப் பிள்ளையின் கையில் போன் இருந்தது? இரண்டாவது முறை 2020 ஜூனில். நடுவில் 36 வருடம். இரண்டு தடவையும் நடந்ததை வரிசையாகப் படித்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது கடன்தான். ஆட்டம் பிடிக்காமல் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று முடிப்பது சுலபம், ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட் 2025

முதலில் ஆரம்பம். அது தெரியாமல் பேசினால் இதை ஏதோ பீட்சா கடை என்று நினைத்துக்கொள்வோம்.

நோலன் புஷ்னெல் 1972-இல் டெட் டாப்னியோடு சேர்ந்து அட்டாரியைத் தொடங்கினார். ஆர்கேட் மெஷின்களைச் செய்து, அவற்றைக் கடைகளில் வைத்து நடத்துகிறவர்களுக்கு விற்பதுதான் தொழில். ஒரு மெஷினை 1,500, 2,000 டாலருக்கு விற்கிறோம், அதன் ஆயுளுக்குள் அது 50,000 டாலர் வரைக்கும் வசூல் பண்ணுகிறது, அந்தக் காசு வேறு யாருக்கோ போகிறது என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மெஷின் செய்கிறவனே கடையையும் நடத்தினால் என்ன?

ஆனால் அன்றைக்கு ஆர்கேட் மெஷின் இருந்த இடம் பார், பூல் ஹால், பவுலிங் கூடம். குடும்பத்தோடு போகிற இடங்கள் இல்லை. பெற்றோர் பிள்ளைகளை நம்பிக் கூட்டிவர ஒரு காரணம் வேண்டும். அதற்குத்தான் பீட்சா, அதற்குத்தான் மேடையில் பாடும் பொம்மைகள். புஷ்னெல் இளம் வயதில் யூட்டாவில் லகூன் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் விளையாட்டுக் கடைகளைக் கவனித்துக்கொண்டவர். கூட்டம் எங்கே நிற்கும், எங்கே காசை எடுக்கும் என்பது அங்கே படித்த பாடம். டிஸ்னிலேண்டின் டிக்கி ரூமில் பாடும் இயந்திரப் பறவைகளையும் பார்த்திருந்தார்.

முதல் கடை 1977 மே 17 அன்று, சான் ஹோசேயில், வின்செஸ்டர் புலவாரில் திறந்தது. பெயர் சக் ஈ. சீஸின் பீட்சா டைம் தியேட்டர், சுருக்கமாக பீட்சா டைம். அப்போது அது அட்டாரியின் கிளைத் தொழில். அட்டாரியோ 1976-லேயே சுமார் 2.8 கோடி டாலருக்கு வார்னர் கம்யூனிகேஷன்ஸுக்கு விற்கப்பட்டிருந்தது. வார்னர்காரர்களுக்கு இந்தக் கடையில் பெரிய ஆர்வம் இல்லை. புஷ்னெல் அந்த யோசனையையே 5 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு அட்டாரியை விட்டு வெளியே வந்தார்.

தன் யோசனையைத் தானே காசு கொடுத்து வாங்கியவர் என்பதால் எனக்கு இவர்மேல் தனி மரியாதை உண்டு. பின்னால் செய்ததைப் பற்றிக் கடுமையாகவும் எழுதப் போகிறேன்.

4 ஆகஸ்ட் 2025, இரவு

கடையின் சின்னமாக ஒரு எலி எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். புஷ்னெல் ஒரு கண்காட்சியில் வேஷ உடை ஒன்றை வாங்கினார். அது கயோட்டி, அதாவது அந்த ஊர்க் குள்ளநரி, என்று நினைத்துத்தான் வாங்கினார். கடைக்கும் கயோட்டி பீட்சா என்று பெயர் வைக்கிற யோசனை இருந்தது. உடை வந்து சேர்ந்ததும் பொறியாளர்கள் நீளமான வாலைப் பார்த்துவிட்டு, இது எலி என்றார்கள். சரி, ரிக் ராட் பீட்சா என்று வைப்போம் என்றார் இவர். ராட் என்றால் எலி. சாப்பாட்டுக் கடைக்கு எலியின் பெயரா என்று விளம்பர வேலையைக் கவனித்தவர்கள் தடுத்து, கடைசியில் வந்த பெயர் சக் ஈ. சீஸ்.

6 ஆகஸ்ட் 2025

பீட்சா சுமார்தான் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் பீட்சாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். ஆர்டர் கொடுத்தால் வெந்து வர இருபது நிமிடம் ஆகும், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த இருபது நிமிடம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? டோக்கன் கேட்பார்கள். முதல் கடையில் பொம்மைகள் சுவரில் படச்சட்டங்களுக்குள், சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே இருந்தன. சில நிமிடத்துக்கு ஒருமுறை காற்றழுத்தத்தில் வாயசைத்துப் பாடும், பெரியவர்கள் சிரிக்க நாலு வார்த்தை பேசும், அப்புறம் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் பிள்ளைகள் மறுபடி மெஷின் பக்கம் ஓடும். காத்திருப்பதைக் காசாக்கும் கடை இது. இவ்வளவு யோசித்துக் கட்டிய கடை அன்றைக்கு வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டோக்கனும் அப்படித்தான். கால் டாலர் நாணயத்தைப் போட்டால் செலவு கண்ணுக்குத் தெரியும். டோக்கனாக மாற்றிவிட்டால் அது இந்தக் கடையைத் தவிர எங்கேயும் செல்லாது, மிச்சம் இருந்தால் மறுபடி வரவேண்டும். அதன்மேல் 'பீட்சாவை நம்புகிறோம்' என்று அமெரிக்க நாணயத்தின் வாசகத்தை மாற்றி அச்சடித்திருந்தார்கள்.

9 ஆகஸ்ட் 2025

இது கொஞ்சம் விலகிப் போகும், ஆனாலும் சொல்லவேண்டும். 'அந்தக் காலத்தில் ஆர்கேட்டுக்குப் போனால் யாரும் தடுக்கவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறையவே தடுத்தார்கள். டெக்சஸில் மெஸ்கீட் என்ற ஊரில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இல்லாமல் காசு போட்டு ஆடும் மெஷின்களைத் தொடக்கூடாது என்று நகராட்சி விதி வைத்தது. அதை எதிர்த்தது அலாடின்ஸ் காசில் என்ற ஆர்கேட் சங்கிலி, வழக்கு 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆர்கேட் என்றாலே பள்ளிக்கு மட்டம் போடும் பையன்கள் கூடும் இடம் என்று பல ஊர்களில் பேச்சு இருந்த காலம் அது. அப்போது பெற்றோரே காரில் கூட்டிவந்து, தாங்களே டோக்கன் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஆர்கேட் சக் ஈ. சீஸ். எந்த நகராட்சி இதை எதிர்க்கும்?

10 ஆகஸ்ட் 2025

போட்டிக் கடையான ஷோபிஸைப் பற்றி, 'ஷோபிஸ்தான் அசல், சக் ஈ. சீஸ் காப்பி' என்ற பதிவுக்கு. தலைகீழ். ஆனால் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது, கதை சிக்கலானது.

ராபர்ட் பிராக் கான்சஸ் மாநிலத்து டொபீகாவில் இருந்தவர், ஹாலிடே இன் ஹோட்டல்கள் பலவற்றை நடத்தியவர். 1979-இல் புஷ்னெலோடு ஒப்பந்தம் போட்டார்: 16 மாநிலங்களில் 280 பீட்சா டைம் கடைகள். கையெழுத்துப் போட்ட சில மாதத்தில் ஃபுளோரிடாக்காரர் ஆரன் ஃபெக்டர் செய்திருந்த இயந்திர பொம்மைகளைப் பார்த்தார். அவை புஷ்னெலின் பொம்மைகளைவிட பல மடங்கு நன்றாக இருந்தன. பொம்மைத் தொழில்நுட்பத்தில் நாங்கள் எப்போதும் முன்னே இருப்போம் என்று புஷ்னெல் தரப்பு கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டது என்று பிராக் ஒப்பந்தத்தை முறித்தார். ஃபெக்டரோடு கூட்டுச் சேர்ந்து 1980 மார்ச்சில் மிசூரியின் கான்சஸ் சிட்டியில் முதல் ஷோபிஸ் பீட்சா பிளேஸைத் திறந்தார். மேடையில் ராக்-அஃபயர் எக்ஸ்ப்ளோஷன் என்ற வாத்தியக் குழு: பில்லி பாப் கரடி, கீபோர்டு வாசிக்கும் கொரில்லா ஃபேட்ஸ், மிட்ஸி என்ற எலிப்பெண், இன்னும் சிலர்.

வழக்கு நடந்தது. கடைசியில் ஷோபிஸ் தன் லாபத்தில் ஒரு பங்கைப் பல வருடங்களுக்குப் புஷ்னெலின் கம்பெனிக்குக் கொடுப்பதாகச் சமரசம் ஆனது. இரண்டு பேரும் ஊர் ஊராகப் போட்டி போட்டுக் கடை திறந்தார்கள். யார் முதலில் இடத்தைப் பிடிப்பது என்ற அவசரம். இந்த அவசரத்தைத்தான் கடனின் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

13 ஆகஸ்ட் 2025

இப்போது 1984.

பீட்சா டைம் 1981-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. சில வருடத்தில் கிளைகள் இருநூறைத் தாண்டின. 1983-இல் நஷ்டம் சுமார் 1.5 கோடி டாலர். அடுத்த வருடத் தொடக்கத்தில் புஷ்னெல் விலகினார், மார்ச் 28 அன்று கம்பெனி நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது.

இந்த வருடங்களில் அவருடைய கவனம் எங்கே இருந்தது? புதுக் கம்பெனிகளை வளர்க்கவென்று கேட்டலிஸ்ட் டெக்னாலஜீஸ் தொடங்கினார். அதன் கீழே வீட்டு ரோபோ செய்யும் ஆண்ட்ரோபாட், காருக்கு மின்னணு வரைபடம் செய்யும் ஈடாக். அப்புறம் சென்டே என்று மறுபடி ஆர்கேட் கேம் செய்யும் கம்பெனி ஒன்றை பீட்சா டைம் பணத்திலேயே உருவாக்கினார். அட்டாரியோடு போட்டியிடக்கூடாது என்ற ஒப்பந்தம் 1983 அக்டோபரில் முடிகிறது, அன்றிலிருந்து கேம் விற்கவேண்டும் என்பது திட்டம். ஆரம்பத்தில் அவரை அரித்த கணக்கு முழுமை அடைந்திருக்கும்: மெஷினும் தன்னுடையது, கடையும் தன்னுடையது. ஆனால் அதற்குள் கடையில் காசு தீர்ந்துவிட்டது. சென்டேயை பாலி கம்பெனி வாங்கிக்கொண்டது.

அடுப்படியையும் கல்லாவையும் அன்றாடம் பார்க்க ஆள் தேவைப்பட்ட நேரத்தில் முதலாளி அடுத்த கனவில் இருந்தார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய ஒன்றை மூன்று வருடம் கூட உட்கார்ந்து நடத்தவில்லை.

14 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். கடன் மட்டும்தான் என்று நான் சொல்வதற்கு 1983 விஷயத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வருடம் அமெரிக்காவில் ஆர்கேட் மோகமே இறங்கியது, பல கடைகள் மூடின. முதல் பீட்சா டைம் திறந்த அதே 1977-இல்தான் கார்ட்ரிட்ஜ் மாற்றி மாற்றி டிவியில் ஆடும் அட்டாரியின் வீட்டு மெஷினும் விற்பனைக்கு வந்தது. ஒரே கம்பெனி ஒரே வருடத்தில் ஆட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனது, குடும்பத்தை வெளியேயும் அழைத்தது. ஆகவே மொபைலைப் பற்றி நீங்கள் சொல்வதை வீட்டு மெஷினை வைத்து 1983-க்கும் சொல்லலாமே என்று தோன்றும்.

ஆனால் 1983-இல் வீட்டு கேம் சந்தையும் சேர்ந்தே சரிந்தது, அட்டாரியே பல கோடி டாலர் நஷ்டத்தில் மூழ்கியது. வீட்டு மெஷின் ஆர்கேட்டைத் தின்றிருந்தால் வீட்டு மெஷின் அல்லவா கொழுத்திருக்கவேண்டும்? வருமானம் குறையும் வருடம் எல்லாத் தொழிலுக்கும் வரும். கையில் கடன் குறைவாக இருக்கிறவன் அதைத் தாண்டிவிடுகிறான். அதே ஆர்கேட் சரிவை ஷோபிஸும் பார்த்தது, அதற்கும் அடி விழுந்தது, ஆனாலும் அதுதான் பீட்சா டைமை வாங்கி, ஷோபிஸ் பீட்சா டைம் என்று ஒரே கம்பெனியாக நின்றது.

14 ஆகஸ்ட் 2025

பொம்மைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டவருக்கு: பாத்திரங்களின் உரிமையை ஃபெக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் 1990-இலிருந்து ஷோபிஸ் கடைகளில் ராக்-அஃபயர் பொம்மைகளின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் அதே இயந்திரத்தின்மேல் சக் ஈ. சீஸ் கூட்டத்தின் தோலை மாட்டினார்கள். கொரில்லா ஃபேட்ஸ் மஞ்ச் என்ற பாத்திரமானார், மிட்ஸி ஹெலன் ஹென்னி என்ற கோழியானாள். ஷோபிஸில் பிறந்தநாள் கொண்டாடி வளர்ந்தவர்கள் இன்றைக்கும் இதை மன்னிக்கவில்லை. ஷோபிஸ்தான் அசல் என்று எழுதியவருக்கு நான் சொல்வது, காலத்தால் இல்லை, ஆனால் பொம்மைகளின் தரத்தில் நீங்கள் சொல்வது நியாயம்.

18 ஆகஸ்ட் 2025

'உங்களுக்கு இந்தக் கடைமேல் ஏன் இவ்வளவு பாசம்?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

சான் ஹோசேயில் இருந்த காலத்தில் எங்கள் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஐந்து, ஆறு வயதுப் பிறந்தநாள் என்றால் பாதி அங்கேதான். அபார்ட்மென்டில் முப்பது பேரைக் கூட்ட முடியாது, சமைக்கவும் முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சீஸ் பீட்சா இருக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டி, தாத்தாக்கள் ஓரமாக உட்கார்ந்து சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

நான் கவனித்துப் பார்த்தது வாசல். உள்ளே நுழையும்போது பணியாளர் வரிசையில் வந்த எல்லாரையும் நிறுத்தி, அம்மா, அப்பா, பிள்ளை என்று ஒரு குடும்பத்தார் எல்லாரின் புறங்கையிலும் ஒரே எண்ணைக் குத்துவார். குத்தியது கண்ணுக்குத் தெரியாது. வெளியேறும்போது கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் ஊதா விளக்கின் கீழே கையை நீட்டவேண்டும், அப்போது எண் பளிச்சென்று தெரியும், பெரியவர் கையிலும் பிள்ளை கையிலும் ஒரே எண் இருந்தால்தான் தடுப்பைத் திறப்பார்கள். என் அம்மா முதல்முறை இதைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற பணியாளர் விளக்கை அணைக்கிறதுக்குள் இன்னொரு தடவை கையை நீட்டிப் பார்த்தார். அவ்வளவு கூட்டத்திலும் பிள்ளை எங்கே என்று பதறாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடிந்தது இந்த எண்ணால்தான். 1990களில் கொண்டுவந்த ஏற்பாடு, கிட் செக் என்று பெயர். மற்ற பெற்றோரும் இதை நம்பித்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன், பீட்சாவுக்காக இல்லை.

உள்ளே என் பெண்ணுக்கு ஸ்கீ-பால்தான் பிடிக்கும். சரிவான பாதையில் மரப்பந்தை உருட்டினால் முனையில் எகிறி வளையத்தில் விழும், விழுந்த வளையத்துக்குத் தக்கபடி கீழே இருக்கும் பிளவிலிருந்து டிக்கெட் நீளமாக வரும். அவள் பாதிப் பந்துகளில் ஆட்டத்தை விட்டுவிட்டு டிக்கெட்டை இழுத்து மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

21 ஆகஸ்ட் 2025

டிக்கெட் என்றதும் நினைவுக்கு வந்தது. 2020 திவால் வழக்கில் கம்பெனி நீதிமன்றத்திடம் ஒரு அனுமதி கேட்டது: அச்சடித்துத் தேங்கிப்போன சுமார் 700 கோடி டிக்கெட்டுகளை அழிக்க. ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தன, டிக்கெட் இல்லாத மின்னணு முறைக்கு மாறிக்கொண்டும் இருந்தார்கள். கப்பலில் ஏற்றும் 40 அடி கண்டெய்னர் 65 நிரம்பும் அளவு. அழிக்க ஆகும் செலவு சுமார் 23 லட்சம் டாலர். அழிக்காமல் வெளியே போய் எல்லாரும் பரிசு கேட்டு வந்தால் சுமார் 90 லட்சம் டாலர் பரிசு கொடுக்கவேண்டியிருக்கும்.

வகுத்துப் பாருங்கள், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சென்ட்டில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. என் பெண் மடித்து மடித்துச் சேர்த்தது அதுதான். இதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் ரப்பர் பாம்பையும் மிட்டாயையும் தானே சம்பாதித்ததாக நினைத்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள், அந்தப் பெருமையை வேறெங்கே அந்த விலைக்கு வாங்க முடியும்?

22 ஆகஸ்ட் 2025

சரி, 2020. நீங்கள் ஆரம்பித்த கேள்வி.

1998-இல் கம்பெனியின் பெயர் சிஇசி என்டர்டெயின்மென்ட் என்று ஆனது. 2014-இல் அப்பல்லோ குளோபல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் இதை வாங்கியது, மதிப்பு சுமார் 130 கோடி டாலர். இப்படி வாங்குகிறவர்கள் முழுப் பணத்தையும் கையிலிருந்து போடுவதில்லை. வீட்டை வாங்குகிறவர் அந்த வீட்டின் பேரிலேயே கடன் எடுத்து, வட்டியைக் குடியிருக்கிறவர்கள் கட்டட்டும் என்று விட்டுவிடுவது போல, வாங்குவதற்கு எடுத்த கடன் வாங்கப்பட்ட கம்பெனியின் கணக்கில் ஏறுகிறது. அதே வருடம் கடைகள் நின்ற சொந்தக் கட்டடங்கள் பலவற்றை விற்று, அவற்றிலேயே வாடகைக்கு இருக்கத் தொடங்கினார்கள். பீட்டர் பைப்பர் பீட்சா என்ற இன்னொரு சங்கிலியையும் வாங்கினார்கள். 2019-இல் மறுபடி பங்குச் சந்தைக்குப் போக ஒரு முயற்சி நடந்து, ஜூலையில் கைவிடப்பட்டது.

அதாவது கொரோனா வருவதற்கு முன்பே கடை வட்டியையும் வாடகையையும் கட்டத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் கதவை அடைத்தார்கள். பிள்ளைகள் ஒரே பந்தைத் தொட்டு ஆடும் இடம் அது, வேறு வழி இல்லை. பார்சல் ஆப்களில் பாஸ்குவாலி'ஸ் பீட்சா என்ற பெயரில் தங்கள் அடுப்படியிலிருந்தே விற்றுப் பார்த்தார்கள். பாஸ்குவாலி அவர்கள் மேடையில் டிரம்ஸ் வாசிக்கும் சமையல்காரப் பொம்மையின் பெயர், அதனால் வாங்கியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜூனில் திவால் மனு. வழக்கு முடிந்தபோது சுமார் 70 கோடி டாலர் கடன் கழிக்கப்பட்டது, கடன் கொடுத்தவர்களே உரிமையாளர் ஆனார்கள்.

இதில் மொபைல் எங்கே வருகிறது? ஓரமாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடனைக் கழித்ததும் அதே எலி, அதே பீட்சா, அதே போன் பிடித்த பிள்ளைகளோடு கடைகள் மறுபடி திறந்து ஓடுகின்றனவே. போன்தான் காரணம் என்றால் அது எப்படி?

25 ஆகஸ்ட் 2025

பொம்மை மேடை எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: பெரும்பாலான கிளைகளில் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் திரையும் ஒளிரும் நடன மேடையும் டிராம்போலினும் வந்துவிட்டன. புதுப்பிக்க 30 கோடி டாலருக்கு மேல் செலவு. கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் கிளையில் நிரந்தரமாக வைத்திருக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அப்புறம் எதிர்ப்பைப் பார்த்து நியூயார்க்கின் நானுவெட் மாதிரி இன்னும் சில இடங்களிலும் விட்டுவைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போகிறவர்கள் நார்த்ரிட்ஜுக்கே போங்கள்.

2 செப்டம்பர் 2025

சக்ஸ் ஆர்கேட் நிலைக்குமா என்பதற்கு என் எண்ணம். பழைய ஆர்கேட் மெஷின்களையும் புதிய மெஷின்களையும் சேர்த்து, மாலில் வாடகைக்கு இடம் பிடித்து, பெரியவர்களை அழைப்பது நல்ல முயற்சிதான். டோக்கனைக் கண்டால் கை நீளும் ஆட்களில் நானும் ஒருவன், பக்கத்தில் திறந்தால் போவேன். ஆனால் 2021-இல் மறுபடி 65 கோடி டாலருக்கு ஐந்து வருடக் கடன் பத்திரம் வெளியிட்ட கம்பெனி இது. எத்தனை கிளை திறக்கிறார்கள் என்பதைவிட அதை எந்தக் காசில் திறக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. சக் ஈ. சீஸை இத்தனை வருடம் தாங்கியது பிறந்தநாள் விழா. ஒரு பிள்ளைக்காக இருபது பேர் வருவார்கள், அந்த இருபதில் நாலு பேர் தங்கள் பிள்ளைக்கும் இங்கேயே என்று முடிவு செய்வார்கள். நாற்பது வயதுக்காரர் தனியாக வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிற கடைக்கு அந்த வரவு எங்கிருந்து வரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.